ஆடிக்காற்றுக்குத் தாங்கும் பயண அடுப்பு: வாங்குவதும் மாற்றுவதும்

கொங்கு நாட்டில் வெட்டவெளியில் சமைப்பவருக்கு முதல் எதிரி காற்றுதான். மேற்கே பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடக்கிறது. ஆனி பிறந்துவிட்டால் அந்த வழியாக நுழையும் காற்று பல்லடம், உடுமலை, தாராபுரம் வட்டாரத்துக் காற்றாலைகளை இரவு பகலாகச் சுற்றவைக்கும். அதே காற்று உள்ளங்கை அகலப் பர்னரின் சுடரைப் பாத்திரத்துக்கு அடியிலிருந்து வெளியே தள்ளிவிடும். அடுப்பு எரியும், கேஸ் தீரும், தண்ணீர் மட்டும் கொதிக்காது.

பயண அடுப்பைப் பற்றிப் படிக்கக் கிடைப்பவை பெரும்பாலும் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் எழுதப்பட்டவை. அங்கே புரோப்பேன் அடைத்த அரைக்கிலோ உருளை சாதாரணக் கடையிலேயே கிடைக்கும். குளிரில் கேஸ் வராமல் போவதுதான் அவர்களுடைய பெரிய கவலை. நமக்குக் கிடைக்கும் கேஸும் வேறு, அடிக்கிற வெயிலும் வேறு. பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள், கண்ணபுரம் மாட்டுச்சந்தையிலோ அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவிலோ மாட்டோடு நாலு நாள் தங்குகிறவர்கள், வாரக்கடைசியில் கொல்லிமலைக்கோ வால்பாறைக்கோ வண்டி கட்டுகிறவர்கள், ராத்திரித் தண்ணீர் பாய்ச்சத் தோட்டத்தில் படுப்பவர்கள் ஆகியோரில் முதல் அடுப்பு வாங்கப்போகும் ஆளுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில், எத்தனை பேருக்கு, என்ன சமைக்க, எதில் தூக்கிப்போக

இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் கடைக்குப் போனால், கடைக்காரர் வசம் எது மிச்சம் கிடக்கிறதோ அதோடுதான் திரும்பி வருவீர்கள். டீயும் முட்டையும் மட்டும் என்றால் எந்த அடுப்பும் போதும். நாலு பேருக்கு அரிசிம்பருப்புச் சாதம் என்றால் மூன்று லிட்டர் குக்கர் ஆடாமல் உட்கார வேண்டும். முதுகில் தூக்கி நடப்பதற்கும் காரின் பின்னால் போட்டுக்கொண்டு போவதற்கும் ஒரே அடுப்பைத் தேடாதீர்கள். இரண்டுக்கும் நடுவில் ஒன்றை வாங்கினால் இரண்டுக்கும் உதவாது.

சந்தையில் இருப்பவை நான்கு வகை.

முதலாவது பெட்டி அடுப்பு. கேசட் அடுப்பு என்றும் சொல்வார்கள். ஸ்பிரே டப்பா மாதிரி நீளமான கேன் ஒன்று பக்கவாட்டில் படுத்திருக்கும். ஒரு கேனில் சுமார் 220 கிராம் பியூட்டேன். முழு வேகத்தில் எரித்தால் ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக வரும். விலை குறைவு, கீழே நன்றாகப் படிந்து நிற்கும், கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. குறை என்னவென்றால், கேனும் சுடரும் ஒரே பெட்டிக்குள் ஒரு சாண் தூரத்தில் இருக்கின்றன.

இரண்டாவது, குண்டு கேனின் தலையில் திருகிப் போடும் சின்னப் பர்னர். மடக்கினால் சட்டைப்பையில் போகும். கேனில் ஐசோபியூட்டேனும் கொஞ்சம் புரோப்பேனும் கலந்திருக்கும். மலையேறுகிறவர்களுக்கு இதுதான் பழக்கம். ஆனால் இதன் மேல் குக்கர் வைப்பது வேண்டாத வேலை. விசில் அடிக்கும் ஆட்டத்துக்கே சாய்ந்துவிடும். இதிலேயே பர்னர் தனியாக மூன்று காலில் நின்று, ஒரு மெல்லிய ட்யூப் வழியாகக் கேஸை வாங்கிக்கொள்ளும் மாதிரி ஒன்று உண்டு. விலை கூடுதல். காற்றடிக்கும் ஊருக்கு அது எவ்வளவோ மேல். காரணம் கீழே வருகிறது.

மூன்றாவது, சின்ன சிலிண்டரின் மேலேயே பர்னரைத் திருகி வைப்பது. சந்துக் கடைகளில் 'மினி சிலிண்டர்' என்று தொங்கும். "ரொப்பிக்கறது நாங்களே ரொப்பித் தருவோமுங்க, ஒண்ணும் ஆகாதுங்க" என்பார்கள். இதை வாங்காதீர்கள். அந்த உருளைகள் பலவற்றில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்காது. வீட்டு சிலிண்டரைக் கவிழ்த்து வைத்து இதற்குள் இறக்குவது சட்டப்படி குற்றம், செய்யும் முறையும் ஆபத்து. எவ்வளவு நிரம்பியது என்பதை அளக்காமல் கழுத்து வரை திரவம் ஏற்றிவிட்டால், வெயில் பட்டு விரிவதற்கு உள்ளே இடமே இருக்காது.

நான்காவது, எண்ணெய் நிறுவனங்களே விற்கும் 5 கிலோ சிலிண்டர், அதற்கு ரெகுலேட்டர், ட்யூப், தனியாக ஒற்றைப் பர்னர் அடுப்பு. இண்டேனில் சோட்டு, பாரத் கேஸில் மினி, எச்.பி.யில் அப்பு என்று பெயர். முகவரிச் சான்று கேட்க மாட்டார்கள், ஓர் அடையாள அட்டை போதும். ஏஜென்சியிலும் பல பெட்ரோல் பங்குகளிலும் கிடைக்கும். மானியம் கிடையாது, சந்தை விலைதான். நிரம்பிய சிலிண்டர் 10 கிலோவுக்கு மேல் இருக்கும் என்பதால் முதுகில் தூக்க ஆகாது.

என் தீர்ப்பு இதுதான்: காரில், வேனில், டெம்போவில் போகிறவர் நான்காவதை வாங்கட்டும். நடந்து போகிறவர் ட்யூப் வைத்த மூன்று கால் பர்னரை வாங்கட்டும். இரண்டிலும் கேஸ் ஒரு பக்கமும் சுடர் ஒரு பக்கமும் இருக்கின்றன. கேஸ் தள்ளி இருந்தால் சுடரைச் சுற்றித் தகரத்தால் முழுதாக மறைத்துக்கொள்ளலாம். கேன் அடுப்போடு ஒட்டியிருந்தால் அப்படி மறைக்கவே கூடாது. சூடு உள்ளேயே தங்கி, கேனையும் சேர்த்துக் காய்ச்சிவிடும். காற்றுக்கு மறைப்பு இல்லாமல் ஆடி மாதத்தில் நம்ம ஊரில் சமைக்க முடியாது. ஆகவே எந்த அடுப்பு என்ற கேள்வி கடைசியில் எந்த அடுப்பைச் சுற்றி மறைக்கலாம் என்பதில்தான் போய் நிற்கிறது.

கேஸ் எல்லாம் ஒன்றல்ல

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். புதியவர்கள் தவறு செய்வது பெரும்பாலும் இங்கேதான்.

புரோப்பேன் கொதிப்பது பூஜ்யத்துக்குக் கீழே 42 டிகிரியில். பியூட்டேன் பூஜ்யத்துக்கு அரை டிகிரி கீழே. ஐசோபியூட்டேன் பூஜ்யத்துக்குக் கீழே 12 டிகிரியை ஒட்டி. நம் வீட்டு எல்.பி.ஜி. என்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது. கொதிநிலை எவ்வளவு கீழே போகிறதோ, சாதாரண வெப்பத்தில் உருளைக்குள் அழுத்தம் அவ்வளவு கூடும். 30 டிகிரி வெயிலில் பியூட்டேன் கேனுக்குள் இருக்கும் அழுத்தத்தைவிட, அதே வெயிலில் புரோப்பேன் உருளைக்குள் மூன்று மடங்குக்கும் மேல் இருக்கும்.

பெட்டி அடுப்பின் கேன் பியூட்டேனுக்கென்றே மெல்லிய தகட்டில் செய்தது, ஒரு முறை எரித்துவிட்டுப் போடுவதற்காக. வீட்டு சிலிண்டரிலிருந்து அந்தக் கேனுக்குக் கேஸ் மாற்ற ஒரு பித்தளை இணைப்பான் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. காலிக் கேன் வீணாகிறதே என்று ஆசை வரும். ஆனால் அதில் போவது புரோப்பேன் கலந்த வாயு. சித்திரை வெயிலில், காருக்குள், அந்த மெல்லிய தகடு அதைத் தாங்கும் என்று யாரும் சோதித்துச் சான்று தரவில்லை. அந்தப் பணத்துக்குப் புதுக் கேனே வாங்கிக்கொள்ளலாம்.

குளிரைப் பற்றி: மார்கழி, தை மாத இரவுகளில் ஊட்டியில் உறைபனி விழும். அங்கே வெறும் பியூட்டேன் கேன் விடியற்காலையில் உயிரில்லாமல் எரியும், அல்லது எரியவே எரியாது. கேஸ் ஆவியாகும்போது கேனையே குளிரவைக்கும் என்பதால் நேரம் ஆக ஆகச் சுடர் இன்னும் சுருங்கும். ஐசோபியூட்டேன் கலவைக் கேன் கொண்டுபோனால் இந்தத் தொல்லை இல்லை. பியூட்டேன்தான் இருக்கிறது என்றால், ராத்திரி கேனைத் துணியில் சுற்றிப் பைக்குள் வையுங்கள். கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் நிறுத்தி எடுத்தாலும் போதும். வெந்நீர் வேண்டாம், தணலுக்குப் பக்கத்தில் வைப்பது சுத்தமாக வேண்டாம். ஏற்காடு, கொல்லிமலை, வால்பாறைக்கெல்லாம் இந்தக் கவலையே இல்லை.

நமக்கு நிஜமான கவலை மறுமுனையில் இருக்கிறது. கேனை 50 டிகிரிக்கு மேல் சூடாக்காதே என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். கரூர் பரமத்தி, ஈரோடு பக்கம் சித்திரையில் வெளியிலேயே 40 டிகிரியைத் தாண்டும். கண்ணாடி ஏற்றிப் பூட்டிய காருக்குள் 50 டிகிரி தாண்டுவது வெகு சாதாரணம். சாப்பாட்டுக்கு ஓட்டலில் நிறுத்தும்போது கேன் இருக்கும் பையைக் கையோடு எடுத்துப் போய் நிழலில் வையுங்கள்.

கடையில் நின்று பார்க்க வேண்டியவை

ஒற்றைப் பர்னர் அடுப்பு என்றால் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் 4246 என்ற எண்ணும் இருக்கிறதா பாருங்கள். ட்யூப் வேண்டுமென்றால் உள்ளே கம்பிப் பின்னல் போட்ட ஆரஞ்சு நிற சுரக்ஷா ட்யூப் கேளுங்கள். அதில் 9573 என்ற எண்ணும் தயாரித்த வருடமும் அச்சாகியிருக்கும். அது ஐந்து வருடம் உழைக்கும். பச்சை ரப்பர் ட்யூப் மலிவு என்று நீட்டினால் வாங்காதீர்கள்.

சிலிண்டரின் மேல் வளையத்தின் உள்பக்கம் ஓர் எழுத்தும் இரண்டு இலக்கமும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி ஏப்ரல் முதல் ஜூன், சி ஜூலை முதல் செப்டம்பர், டி அக்டோபர் முதல் டிசம்பர். இலக்கம் வருடம். அடுத்த சோதனைக்கான கெடு அது. கெடு தாண்டிய சிலிண்டரைக் கை நீட்டி வாங்காமல் மாற்றித் தரச் சொல்லுங்கள். காலி எடையும் அதே இடத்தில் பொறித்திருக்கும், குறித்துக்கொள்ளுங்கள். ரெகுலேட்டரைக் கடையிலேயே மாட்டிக் கழற்றிப் பாருங்கள். வீட்டுக்கு வந்து பொருந்தவில்லை என்று அலையக்கூடாது.

பெட்டி அடுப்பில் ஒன்றே ஒன்று: கேனுக்குள் அழுத்தம் கூடினால் கேனைத் தானாகத் தள்ளி கேஸை நிறுத்தும் அமைப்பு இருக்க வேண்டும். அட்டைப்பெட்டியில் எழுதியிருக்கும். இல்லையென்றால் அந்த அடுப்பு வேண்டாம், விலை எவ்வளவு இறங்கினாலும்.

எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது

கோயம்புத்தூரில் பிறந்தவனுக்கு எந்தப் பொருளைக் கண்டாலும் லேத்தில் கொடுத்து இரண்டு சுற்றுச் சீவலாமா என்றுதான் கை பரபரக்கும். கணபதியிலும் சிட்கோவிலும் பட்டறைக்காரர்கள் நீங்கள் கேட்டதற்கு மேலேயே செய்து தருவார்கள். அதனால்தான் கோடு எங்கே என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். உருளையில் தொடங்கி பர்னர் தலையில் உள்ள ஓட்டை வரை கேஸ் போகிற பாதை முழுவதும் தொடக்கூடாத பகுதி. அதற்கு வெளியே சுடர், பாத்திரம், கால், மறைப்பு எதை வேண்டுமானாலும் மாற்றுங்கள்.

குறிப்பாக ஜெட். பர்னருக்குக் கீழே உள்ள பித்தளைத் துண்டில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த ஓட்டை இருக்கும். சுடர் போதவில்லை என்றால் ஊசி விட்டுப் பெரிதாக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. ஓட்டையின் விட்டம் பத்தில் ஒரு பங்கு கூடினாலே கேஸ் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடும். கூடுதல் கேஸுக்கு ஏற்ற காற்று கிடைக்காது. சுடர் மஞ்சளாகும், பாத்திரம் கரியாகும், கார்பன் மோனாக்சைடு கிளம்பும். அடைத்துக்கொண்டால் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்து ஊதி எடுங்கள், அதற்கு மேல் போகாதீர்கள்.

அமெரிக்காவிலிருந்து ஒறம்பரை யாராவது சூட்கேஸ் மாதிரி மடங்கும் இரட்டைப் பர்னர் புரோப்பேன் அடுப்பைக் கொண்டுவந்து கொடுத்திருக்கலாம். அதற்கான உருளை இங்கே எளிதில் கிடைக்காது. அதன் ரெகுலேட்டர் உருளையின் முழு அழுத்தத்தையும் எதிர்பார்த்துச் செய்தது. நம் வீட்டு ரெகுலேட்டர் தருவது 30 மில்லிபார்தான். இரண்டையும் கோத்தால் சுடர் செத்துப்போய் எரியும். அதைச் சரிசெய்ய ஓட்டல்காரர்கள் போடும் ஹை பிரஷர் ரெகுலேட்டரை மாட்டலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். ஆனால் அந்த அடுப்பின் மூடியைக் கவனித்துப் பாருங்கள். மூடி பின்சுவராக நிற்கும், இரண்டு பக்கமும் இறக்கைகள் விரியும். காற்றுத் தடுப்புக்கு அதைவிட நல்ல வடிவம் இல்லை. காப்பியடிக்க வேண்டியது அதைத்தான்.

எண்ணெய் டின்னில் காற்றுத் தடுப்பு

காங்கேயம், வெள்ளகோவில் எண்ணெய்ச் செக்குகளிலிருந்து வரும் 15 கிலோ சதுரத் தகர டின் ஒன்று பலகாரக் கடையிலோ பழைய இரும்புக் கடையிலோ கிடைக்கும். ஒரு பக்கம் சுமார் 23 சென்டிமீட்டர் அகலம், 35 உயரம். இது போதும்.

சோப்புத்தூள் போட்ட வெந்நீரில் உள்ளே நன்றாக அலசிக் காயவையுங்கள். கையுறை போட்டுக்கொண்டு தகரக் கத்தரியால் மேல் மூடியையும் அடியையும் வெட்டி எடுங்கள். பிறகு ஒரு மூலையோடு மேலிருந்து கீழாக ஒரே வெட்டு. இப்போது நான்கு பலகைகளும் அதே மடிப்புகளில் விரிந்து நிற்கும். மடிப்புகளை விடாதீர்கள், அவைதான் கீல். உயரத்தைக் குறைக்க வேண்டும். உங்கள் அடுப்பின் மேல் பாத்திரத்தை வைத்து, பாத்திரத்தின் பாதி உயரம் வரை அளந்து, அதற்கு மேல் இருப்பதை வெட்டிவிடுங்கள். பெரும்பாலும் 20 முதல் 25 சென்டிமீட்டருக்குள் நிற்கும்.

வெட்டிய ஓரம் பிளேடு மாதிரி கிழிக்கும். ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் குறடால் பிடித்து வளைத்து, கல்லின் மேல் வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டி மடித்துவிடுங்கள். நாலு ஓரமும் இப்படி மடிந்த பிறகு தகரத்துக்கே ஒரு விறைப்பு வந்துவிடும், காற்றில் படபடக்காது. இரண்டு முனைகளிலும் மட்டும் மடிப்பை இறுக்காமல் குழல் மாதிரி விட்டு வையுங்கள். அதற்குள் பழைய சைக்கிள் போக்ஸ் கம்பியைச் செருகி மண்ணில் குத்தினால் அசையாது.

அடிப்பக்கம் ஆணியால் விரற்கடைக்கு ஒன்றாக ஓட்டை போடுங்கள், சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு. சுடருக்கு மூச்சு வேண்டும். முழுக்க அடைத்தால் அணையும், அல்லது கரி கக்கும். பாத்திரத்துக்கும் தகரத்துக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி இருக்கட்டும். கடைசியாக, தேங்காய்த்தொட்டியை எரித்து அந்தத் தீயில் தகரத்தை ஒரு முறை காட்டி எடுங்கள். மேலே அச்சடித்த பெயின்ட் வெளியிலேயே எரிந்து போய்விடும், சாப்பாட்டில் நாறாது.

நடந்து போகிறவர்களுக்குத் தகரம் கனம். அவர்கள் அச்சகத்தில் கேட்டுப் பழைய ஆஃப்செட் பிளேட் வாங்கிக்கொள்ளலாம். மெல்லிய அலுமினியத் தகடு, எடைக்குத்தான் விற்பார்கள். கத்தரிக்கோலாலேயே வெட்டலாம், சுருட்டிப் பாத்திரத்துக்குள் வைத்துவிடலாம். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகட்டை மட்டும் தவிருங்கள். அதிகச் சூட்டில் அதன் புகை உடம்புக்கு ஆகாது.

5 கிலோ சிலிண்டரும் தனி அடுப்பும் என்றால் அடுப்பை மூன்று பக்கம் மறைத்து, நான்காவது பலகையைக் கதவு மாதிரி பாதி சாத்திக்கொள்ளலாம். சிலிண்டர் தடுப்புக்கு வெளியே, ட்யூப் எட்டும் தூரத்துக்கு, நிமிர்ந்து நிற்க வேண்டும். படுக்கவைத்தால் ஆவிக்குப் பதில் திரவமே ட்யூபில் வந்து தீப்பிழம்பு கிளம்பும்.

பெட்டி அடுப்புக்காரர்கள் இப்படிச் செய்யக்கூடாது. கேன் இருக்கும் பக்கம் காற்று வரும் திசையைப் பார்த்து இருக்கட்டும். அப்போதுதான் சூடு கேனை விட்டு விலகிப் போகும். தடுப்பு அந்த ஒரு பக்கம் மட்டும், அடுப்பிலிருந்து ஒரு சாண் தள்ளி. கேன் மூடிக்கு மேல் நீட்டிக்கொள்ளும் பெரிய தோசைக்கல், அகன்ற வாணலி வைக்கவே வைக்காதீர்கள். கல்லில் பட்டுத் திரும்பும் சூடு நேராகக் கேனில் இறங்கும். இரண்டு பெட்டி அடுப்பை ஒட்டி வைத்து ஒரு பெரிய அண்டாவை ஏற்றுவதும் இதே கதைதான். நடுநடுவே மூடியைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் அணைத்துவிட்டு ஆறவிடுங்கள்.

கால், முக்காலி, பலகை

சின்ன டபரா கம்பிகளுக்கு நடுவில் விழுந்துவிடும் தொல்லைக்குப் பாத்திரக் கடையில் வீட்டு அடுப்புக்கு விற்கும் வார்ப்பிரும்புக் குறுக்குத் தட்டு ஒன்று போதும். பெரிய குக்கர் ஆடினால் பட்டறையில் 8 மி.மீ. கம்பியில் ஒரு முக்காலி வெல்டிங் வைத்துக்கொள்ளுங்கள். அது பர்னரைத் தொடாமல் தனியாகத் தரையில் நிற்க வேண்டும், எடை முழுவதும் அதன் கால்களில் இறங்க வேண்டும். உயரம் முக்கியம்: பர்னர் தலைக்கும் பாத்திரத்தின் அடிக்கும் அடுப்போடு வந்த தாங்கியில் எவ்வளவு இடைவெளியோ அதே அளவு. தாழ்ந்தால் சுடர் முழுதாக எரிவதற்கு முன்பே பாத்திரத்தில் மோதி அணைந்து விஷவாயு கக்கும், உயர்ந்தால் காற்று வாங்கும்.

அடியில் ஒரு பிளைவுட் பலகையும் அதன் மேல் உடைந்து மிஞ்சிய தரை டைல்ஸ் ஒன்றும் போடுங்கள். சோளத்தட்டு காய்ந்து கிடக்கும் காட்டில் வெறும் தரையில் அடுப்பு வைக்கக்கூடாது.

முதல் தடவை பற்றவைப்பது

ஊருக்கு வெளியே போய் முதல் தடவை பற்றவைக்காதீர்கள். வீட்டு வாசலில், ஒரு சாயங்காலம், அவசரமில்லாமல் செய்யுங்கள். எல்லாவற்றையும் மாட்டிவிட்டு, அடுப்பின் திருகை மூடி வைத்து, ரெகுலேட்டரைத் திறங்கள். சோப்பு நுரையை ஒவ்வொரு இணைப்பிலும் தடவுங்கள். குமிழி எழும்பினால் கசிவு. தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் வேலை வேண்டாம். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம், பள்ளத்தில் தேங்கும். வாசனை வந்தால் மூடிவிட்டு, பள்ளமில்லாத, காற்றோட்டமான இடத்துக்கு நகருங்கள். எல்.பி.ஜி. கசிவுக்கு அழைக்க வேண்டிய எண் 1906.

பற்றவைத்ததும் சுடர் நீலமாக, பர்னரை ஒட்டி நிற்க வேண்டும். மஞ்சள் நாக்கு நீண்டால் காற்று போதவில்லை. பர்னருக்கு முன்னால் உள்ள காற்றுத் தகட்டைக் கொஞ்சம் திறங்கள். சுடர் பர்னரை விட்டு எழும்பி இரைந்தால் காற்று அதிகம், கொஞ்சம் மூடுங்கள். இந்தத் தகட்டை மட்டும் தாராளமாகத் தொடலாம். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், அங்கே காற்று மெலிவு. கீழே சரியாக எரிந்தது மேலே மஞ்சளடித்தால் மறுபடி திறந்துவிட வேண்டியதுதான்.

கூடாரத்துக்குள்ளும் காருக்குள்ளும் அடுப்பு கூடாது. மழை வந்தாலும், குளிர் வந்தாலும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

எவ்வளவு கேஸ் எடுத்துப்போவது

ஒரு லிட்டர் தண்ணீரை நம்ம ஊர் வெப்பத்திலிருந்து கொதிக்கவைக்க, அடுப்பின் சூட்டில் பாதி பாத்திரத்துக்குப் போய்ச் சேர்கிறது என்று வைத்தால், 14 கிராம் கேஸ் ஆகும். கணக்கு அவ்வளவுதான். மூன்று லிட்டர் குக்கரில் நாலு பேருக்கு அரிசிம்பருப்பு வைத்து இறக்க 50 கிராமுக்குள் முடியும், தடுப்பு இருந்தால். தடுப்பில்லாமல் ஆடிக்காற்றில் எரித்தால் இதைப்போல இரண்டு மடங்கு போனாலும் ஆச்சரியப்படாதீர்கள். ஆக, இரண்டு வேளைச் சமையல், நாலைந்து தடவை டீ என்றால் ஒரு 220 கிராம் கேன் சரியாக வரும். கைக்கு ஒன்று கூடுதலாக இருக்கட்டும்.

மலைக்குப் போனால் கணக்கு கொஞ்சம் ஏறும். 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை இறங்கும். ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், பருப்பு மட்டும் வேகாது. குக்கர் இல்லாமல் அங்கே பருப்பு வேகவைக்கப் பார்ப்பது கேஸைத் தீர்க்கும் வழி. ஆடிக்காற்று, ஊட்டி இரண்டுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: கொள்ளும் துவரையும் முதல் நாளே ஊறவைத்துக் கொண்டுபோங்கள், கேஸ் மிச்சம்.

கேனில் எவ்வளவு மிச்சம் என்று குலுக்கிப் பார்த்துச் சொல்ல வராது. புதுக் கேனைச் சமையலறைத் தராசில் நிறுத்து, எடையை மார்க்கரால் அதன் மேலேயே எழுதி வையுங்கள். ஒவ்வொரு முறையும் நிறுத்தால் தெரிந்துவிடும்.

எதில் கொண்டுபோகக் கூடாது, எங்கே பற்றவைக்கக் கூடாது

ரயிலில் கேஸ் கொண்டுபோவது குற்றம், காலியாக இருந்தாலும் வம்புதான். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டிக்குள் தீப்பிடித்து 9 பேர் இறந்தது, உள்ளே ஏற்றி வந்த சிலிண்டரால்தான். விமானத்தில் கைப்பையிலும் சரி, பெரிய பெட்டியிலும் சரி, கேன் ஏறாது. அடுப்பை மட்டும் எடுத்துப்போய், கேனைப் போகுமிடத்தில் வாங்குங்கள்.

காப்புக்காட்டுக்குள் தீ மூட்டுவது வனச்சட்டப்படி குற்றம். கேஸ் அடுப்புச் சுடரும் தீதான். வெள்ளியங்கிரி ஏறுகிறவர்கள், சத்தியமங்கலம், ஆனைமலைக் காட்டுப் பாதையில் போகிறவர்கள் அடிவாரத்திலோ தங்கும் விடுதியிலோ சமைத்துக்கொண்டு, வழிக்குக் கட்டுச்சோறாக எடுத்துப்போவதே சரி. 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் இறந்தார்கள். கோடையில் போதைப்புல் என்னும் மலைப்புல் காய்ந்து நிற்கும் சரிவு எவ்வளவு வேகமாகப் பிடிக்கும் என்பதை மேற்கு மலைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. யானை நடமாடும் இடத்தில் வெளியில் சமைத்து வாசனை கிளப்புவதும் கூடாது.

காலிக் கேன்களை அங்கேயே போடாமல் திரும்பக் கொண்டுவாருங்கள். வீட்டு வாசலில், அடுப்பில் மாட்டிக் கடைசிச் சொட்டு வரை எரித்துத் தீர்த்துவிடுங்கள். பிறகு, தீ எதுவும் பக்கத்தில் இல்லாதபோது திருகைத் திறந்து பாருங்கள், சத்தமே வரவில்லை என்றால் காலி. அப்புறம் இரண்டு நாள் வெளியில் நிழலில் வைத்துவிட்டுப் பழைய இரும்புக் கடையில் கொடுங்கள், இது கேஸ் கேன் என்று வாயைத் திறந்து சொல்லிக் கொடுங்கள். மூட்டையோடு மூட்டையாகப் போட்டு நசுக்கும் இயந்திரத்தில் அவர்கள் தள்ளிவிடக் கூடாது.